காயடித்த கடாவும் ஜீன்களின் செயலும்

ஹவுரா, கொல்கத்தா நகரங்களின் இறைச்சிக் கடைகளில் காயடித்த வெள்ளாட்டுக் கடாவிற்குத் தனி மதிப்பு உண்டு. வங்காளிகள் அதனைக் 'காஷி' என்பர். பொலிகடாவின் வீச்சம் அதன் இறைச்சியில் இராது. காயடிப்பதனால் விலங்கின் மரபே மாறிவிடுகின்றது என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பிழையானது. ஜீன்கள் யாவும் இருந்தபடியே இருக்கின்றன. அவற்றுட் சிலவற்றிற்குக் கிடைத்துவந்த ஆணை மட்டுமே நின்றுவிடுகின்றது.

அவ்வாணை இரத்தத்தின் வழியே செல்வது என்பதற்கு முதற் சான்று 1849-இல் கிடைத்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்டு பெர்தோல்டு என்பவர் சேவல்களின் விந்தகங்களை அகற்றினார். அவற்றின் கொண்டை சுருங்கிற்று. அகற்றிய விந்தகத்தை வயிற்றினுள் பதித்த சேவல்களிலோ கொண்டை குன்றாது வளர்ந்தது. 1935-இல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர் காளையின் விந்தகத்திலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டிரோன் எனப் பெயரிட்டனர்.

இந்த ஹார்மோன் கொழுப்பிற் கரைவதாகையால் உயிரணுவின் சவ்வினை எளிதிற் கடக்கும். உள்ளே அதற்கென ஏற்பி எனப்படும் புரதம் ஒன்று உண்டு. ஹார்மோன் இல்லாதபோது இவ்வேற்பி வேறு துணைப் புரதங்களுடன் பிணைந்து வாளா இருக்கும். ஹார்மோன் பொருந்தியதும் அதன் வடிவம் மாறுகின்றது. அது உட்கருவினுள் நுழைந்து, இரண்டிரண்டாக இணைந்து, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களைப் பற்றுகின்றது. அங்கு வேறு புரதங்களைச் சேர்த்துக்கொண்டு, இறுகியுள்ள டி.என்.ஏ.வை நெகிழ்த்துகின்றது. பின்னர் அந்த ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டு, அதன்படி புரதம் உருவாகின்றது. சில ஜீன்கள் இவ்வாறு தூண்டப்படுகின்றன. வேறு சில அடக்கப்படுகின்றன.

ஒரே ஹார்மோன் தோலில் வீச்சமுள்ள சுரப்பையும், தசையில் பருமனையும் உண்டாக்குவது ஏன்? திசுவிற்குத் திசு, ஏற்பி அணுகக்கூடிய டி.என்.ஏ. பகுதிகளும் துணைப் புரதங்களும் வேறுபடுவதே காரணம். பெட்டையாட்டிலும் ஏற்பி உண்டு. ஹார்மோனின் அளவுதான் மிகக் குறைவு.

களப் பணியாளர் இங்குக் கருதவேண்டியது ஒன்று உண்டு. பர்டிசோ இடுக்கியால் விந்தகத்தின் இரத்தக் குழாய்கள் சரிவர நசுக்கப்படாவிடின் விந்தகம் வற்றாது, ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும், வீச்சமும் நீங்காது, விற்பவருக்கு நட்டமே எஞ்சும். ஆதலின் சில வாரங்களுக்குப் பின் இரு விந்தகங்களும் சுருங்கியுள்ளனவா என்று தடவிப் பார்த்தல் வேண்டும். முதிர்ந்த கடாவைக் காயடித்தால் வீச்சம் நாளடைவிற் குறையும். ஆயின் ஏற்கெனவே தடித்து வளர்ந்த கொம்பு மீண்டும் சிறுக்காது. ஜீன் இருப்பது வேறு, அது செயற்படுவது வேறு என்பதனை மாணவர்க்கு விளக்க ஆசிரியர்கள் இவ்வெடுத்துக்காட்டினையே கொள்ளலாம்.