நடுவில் நிற்கும் காற்று

நீலகிரியின் சேரங்கோட்டில் மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் காலையில், டான்டீ தேயிலைத் தோட்டத்துச் சரிவில் நின்று பாருங்கள். கிட்டத்து சில்வர் ஓக் மரங்கள் ஏறக்குறையக் கறுப்பு. அடுத்த மேட்டில் இருப்பவை சாம்பல் பச்சை. அதற்கும் அப்பால் மரமென்று எதுவும் பிரிந்து தெரியாது. வயநாட்டுப் பக்கத்து மலை வெறும் நீல விளிம்பு. இலையின் பச்சை எங்கேயும் பச்சைதான். மாறுவது நமக்கும் மரத்துக்கும் நடுவில் நிற்கும் காற்று.

காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீல ஒளியை நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கின்றன. இந்தக் கணக்குக்கு அடிப்படையை 1871இல் இயற்பியலாளர் ராலே போட்டார். தூரம் கூடக்கூட, சிதறிய நீலம் மலையின் இருட்டின்மேல் ஏறிக்கொண்டே போகிறது. இருண்ட பொருளுக்குத்தான் இந்தச் சாயம் பிடிக்கும். தொலைவிலுள்ள வெண்மேகம் வழியில் நீலத்தை இழந்து சற்றே மஞ்சளிக்கும். எட்ட இருப்பதற்கெல்லாம் நீலத்தைத் தடவிவிடுகிற படங்கள் பொய்யாகத் தோன்றுவது இதனால்தான். மூடுபனி வேறு கதை. அதன் துளிகள் பெரியவை. எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் வெள்ளை.

மரங்களும் சும்மா நிற்பதில்லை. இலைகள் விடும் வாசனை ஆவிகள் காற்றில் நுண்துகள்களாகி நீல மூட்டம் போடுகின்றன என்று 1960இல் தாவரவியலாளர் பிரிட்ஸ் வென்ட் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

இந்தக் காற்றைச் செம்புத் தகட்டில் பிடித்த கதையும் நீலகிரிக்கு உண்டு. கேப்டன் ரிச்சர்ட் பாரன் 1835இல் இங்கே தங்கி வரைந்த காட்சிகளை 1837இல் லண்டனில் ராபர்ட் ஹேவல் அக்வாடின்ட் அச்சுகளாக வெளியிட்டார். அந்த முறையில், தகட்டில் பிசின் தூளைத் தூவி, சூடுகாட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் முக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் எடுத்துத் தூரத்து மலையை வார்னிஷால் மூடுவார்கள். இனி அமிலம் அதைத் தீண்டாது. மறுபடி அமிலம், அடுத்த குன்றுக்கு மூடல். கடைசிவரை அமிலத்தில் கிடப்பது முன்னால் நிற்கும் மரம். ஆழமாக அரிபட்டு, நிறைய மை வாங்கி, அது கறுக்கிறது.

நீர்வண்ணத்திலும் பொதுவாக அதே வரிசைதான்: தூரத்து மலைக்கு நீர்த்த நீலம், அது உலர்ந்தபின் நடுக்குன்று, கடைசியாகக் கிட்டத்து மரம். ஆனால் ஜூலை மாதச் சேரங்கோட்டில் முதல் பூச்சு உலர்வதற்குள், வரைய வந்த மலையே காணாமல் போயிருக்கும்.