வீட்டுச் சவர்க்காரத்துக்கு ஏற்ற தேங்காய் எண்ணெய் எது?

கடைகளில் வாங்கும் சவர்க்காரக் கட்டிகள் சிலவற்றின் உறையைத் திருப்பிப் பார்த்தால் "சோடியம் டலோவேட்" என்ற பெயர் இருக்கும். மாட்டுக் கொழுப்பிலோ ஆட்டுக் கொழுப்பிலோ செய்த சவர்க்காரம் என்பதே அதன் பொருள். இதை அறிந்த மரக்கறி உணவுக்காரர் சிலர், தேங்காய் எண்ணெயில் வீட்டிலேயே சவர்க்காரம் செய்ய விரும்புகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் இலண்டனில் நம்மவர் கடைக்குப் போனால், தேங்காய் எண்ணெய் என்று நாலைந்து வகைப் போத்தல்கள் நிற்கின்றன. மாறி எடுத்தால் பணம் மட்டுமல்ல, தோலும் கெடும்.

எண்ணெயும் காரமும் கூடியே சவர்க்காரம் உண்டாகிறது. கட்டிச் சவர்க்காரத்துக்கு உரிய காரம் காஸ்டிக் சோடா. ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய அளவு வேறு. 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 18 கிராம் காரம் வேண்டும். ஒலிவ் எண்ணெய்க்கு 13½ கிராம் போதும். காரம் மிஞ்சினால் அது கட்டியிலே தங்கித் தோலைச் சுடும். ஆகவே போத்தலில் இருப்பது இன்ன எண்ணெய் என்று நிச்சயமாக அறிவதே முதல் விதி.

இனி வகைகளைப் பார்ப்போம்.

சுத்திகரித்த எண்ணெய்: கொப்பராவிலிருந்து எடுத்து, நிறமும் மணமும் நீக்கியது. ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகும். விலை குறைவு. சவர்க்காரத்துக்கு இதுவே போதும்.

வேர்ஜின் எண்ணெய்: பச்சைத் தேங்காயிலிருந்து எடுப்பது. மணமுடையது, விலையும் கூடியது. காரம் சேர்ந்ததும் அந்த மணம் பெரும்பாலும் போய்விடும். நுரைக்குக் காரணமான லோரிக் அமிலம் இரண்டிலும் ஏறத்தாழப் பாதியளவு உண்டு. இதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செக்கெண்ணெய்: மண்டி இல்லாமல் வடித்திருந்தால் பயன்படுத்தலாம்.

குளிரிலும் உறையாத தேங்காய் எண்ணெய்: லோரிக் அமிலம் பெரும்பாலும் பிரித்தெடுக்கப்பட்டது. கேட்கும் காரத்தின் அளவும் வேறு. வேண்டாம்.

தலைக்குப் பூசும் எண்ணெய்: சிலவற்றில் கனிம எண்ணெய் கலந்திருக்கும். போத்தலில் ஒட்டிய சீட்டில் "மினரல் ஒயில்" அல்லது "பரபினம் லிக்விடம்" என்று இருக்கும். கனிம எண்ணெய் காரத்துடன் சேராது. அதற்கென்று போட்ட காரம் முழுவதும் மிஞ்சிவிடும். ஆபத்தானது இதுவே. தேங்காய் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சீட்டுச் சொல்லும் போத்தலையே வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் இலண்டனின் வன்னீரிலும், கடல்நீரிலும்கூட நுரைக்கும். ஆனால் அழுக்கோடு தோலின் இயற்கை எண்ணெயையும் கழுவிவிடும். குளிர்காலத்தில் ஏற்கெனவே வரண்ட தோலுக்கு அது நல்லதல்ல. ஆகவே தேங்காய் எண்ணெய் 150 கிராம், ஒலிவ் எண்ணெய் 350 கிராம் என்று கலப்பது உகந்தது. இதற்குக் காஸ்டிக் சோடா 70 கிராம், தண்ணீர் 180 கிராம். இந்தக் கணக்கில் சிறிது எண்ணெய் மிஞ்சும். அது தோலுக்கு இதம். கோப்பையால் அளக்காமல், நல்ல தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியன் என்ற முறையில் சிலவற்றை வலியுறுத்த வேண்டும். காரத்தையே தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். கரைசலை ஒருபோதும் குடிநீர்ப் போத்தலில் வைக்காதீர்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். வினாகிரி பூச வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் கழுவியபின் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். யாரும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே அவசர உதவியை அழையுங்கள்.

கலவை தடித்து வரும்வரை கிளறி அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, நான்கு வாரமாவது காற்றாட உலரவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: எந்த எண்ணெயில் செய்தாலும் சவர்க்காரம் காரத்தன்மை உடையதே, அது மருந்தல்ல. கரப்பன் உள்ள பிள்ளைக்கு, வீட்டில் செய்தது என்பதற்காக அதைப் பூசாதீர்கள்.