காமன் கூத்தில் ரதியின் பாட்டு

மாசி மாதம் வந்துவிட்டால் அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே தப்பின் ஓசைக்கு வேறொரு பொருள் பிறந்துவிடும். ஒரு காலத்தில் விடியற்காலையிலே தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்த அதே தப்பு, அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையன்று பொட்டலிலே காமன் கம்பம் ஊன்றப்பட்டதும், இரவுதோறும் லயத்து மக்களைக் கூத்துக்கு அழைக்கும்.

கதை பழையது. சூரபன்மனால் வருந்திய தேவர்கள், யோகத்தில் அமர்ந்த சிவபெருமானுக்கு உமையின்பால் விருப்பம் உண்டாகுமாறு மன்மதனை ஏவுகின்றனர். ரதி தடுத்தும் கேளாமல் அவன் போகிறான். நெற்றிக்கண்ணின் நெருப்பில் நீறாகிறான். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் விரித்துரைத்த இக்கதைக்குரிய தலம் சோழநாட்டுத் திருக்குறுக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, முதலில் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகத் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் முதலிய இடங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் இக்கூத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். கோபுரத்தைக் கொண்டுவர இயலாது. ஒரு கம்பத்தை எங்கும் ஊன்றலாம் அல்லவா?

ரதியாக ஆடிப் பாடுபவர் வழக்கமாக ஓர் ஆண்மகனே. காப்புக் கட்டிக்கொண்டு, புலால் நீக்கி, விரதம் காக்கிறார். பலர் நேர்த்திக்கடனாகவே இவ்வேடத்தை ஏற்பர். வேடம் புனைந்தபின் ஊரார் அவரைத் தெய்வமாகவே கருதி வணங்குவதும் உண்டு. இங்கேதான் பாடகருக்குச் சிக்கல் எழுகிறது. அவர் பாடவேண்டியது வழிபாட்டுப் பாட்டன்று. கணவனை இழந்த மனைவியின் பாட்டு. அவனைக் கொன்றவரோ, தாம் யாரை எண்ணி நோன்பு நோற்கிறாரோ அந்த இறைவனே. பக்தி மேலோங்கிக் குரல் பணிந்துவிட்டால் ரதி பொய்யாவாள். பணிவை முற்றும் மறந்தால் விரதம் என்னாவது? ஆயினும் நம் மரபு இதற்கு இடமளிக்கிறது. இறைவனோடு வழக்காடி வன்தொண்டர் என்று பெயர் பெற்ற சுந்தரரை நாயன்மாருள் ஒருவராகப் போற்றும் சமயமன்றோ இது! முறையிடுவதற்கும் நம்பிக்கை வேண்டும். கேட்பவன் ஒருவன் உண்டு என்று எண்ணாதவள் யாரிடம் முறையிடுவாள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. எரிந்த காமன் மூன்றாம் நாள் உயிர்த்தெழுவான் என்பதைப் பாடகர் அறிவார், பொட்டலிலே குந்தியிருக்கும் குழந்தையும் அறியும். ரதி ஒருத்திதான் அறியாள். அந்த அறியாமையைக் குரலில் காப்பதே இப்பாட்டின் கடினமான பகுதி. ஆறுதல் முன்கூட்டியே குரலில் கலந்துவிட்டால் புலம்பல் வெறும் சடங்காகிவிடும்.

கேட்டிருக்கும் பெண்களை அவ்வாறு ஏமாற்றவும் முடியாது. ஒப்பாரி அவர்கள் கைவந்த கலை. பிரிவோ அவர்கள் கண்ட வாழ்க்கை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 இலேதான் தீர்மானமாயிற்று. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு கரை, தம்பி மறு கரை என்றாயிற்று. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு மலையகம் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அந்நாளைய பிரிவைக் கண்டவர்கள் ரதியின் புலம்பலைக் கேட்டபோது புராணத்தை மட்டுமா கேட்டிருப்பார்கள்?

உயிர் பெற்ற மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தோன்றுவான் என்பது புராணம் விதித்த நிபந்தனை. ஆகையால் மகிழ்ச்சிப் பாட்டிலும் பாடகருக்கு வேலை குறைவதில்லை. பிறர் காணாத ஒருவனைத் தாம் காண்பதாகப் பாடவேண்டும். பொட்டலில் இருப்பவர்களுக்குத் தெரிவதோ எரிந்த கம்பமும், பனியில் நனைந்த சாம்பலுமே.