சண்டை மீன் குஞ்சுகளுக்கு முதல் உணவு

பாவு ஓடிப் பிணைத்த பிறகே தறியில் அமர்கிறோம். நிலத்தைப் பண்படுத்திய பிறகே நாற்று நடுகிறோம். மீன் குஞ்சு வளர்ப்பிலும் விதி அதுவே. உணவு முன்னே, குஞ்சு பின்னே.

வண்ணமீன் வளர்ப்பு இன்று பல குடும்பங்களுக்கு உபதொழிலாக விளங்குகிறது. சென்னை கொளத்தூர் வட்டாரத்தில் அதையே பிழைப்பாகக் கொண்டோர் பலர். சிறு இடத்தில், சிறு முதலில் தொடங்கத்தக்கது சண்டை மீன் எனப்படும் பெட்டா. சயாம் என முன்னர் வழங்கிய தாய்லாந்து இதன் தாயகம். 2019-ஆம் ஆண்டில் அந்நாடு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஓர் இணை ஒரே முறையில் சில நூறு முட்டைகள் இடக்கூடும். ஆயினும், பொரித்த குஞ்சுகளில் பெரும்பகுதியை முதல் இரு வாரங்களில் இழந்து, மனம் தளர்ந்து தொழிலையே கைவிடுவோர் உண்டு. இவ்விழப்புக்குப் பெரும்பாலும் பசியும் கெட்ட நீருமே காரணம்.

முட்டையிட்டு முடிந்தவுடன் பெண் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். நீர்ப்பரப்பில் தான் கட்டிய நுரைக்கூட்டை ஆண் மீன் காத்து நிற்கும். கீழே விழும் முட்டைகளை வாயால் எடுத்து மீண்டும் கூட்டில் சேர்க்கும். நீரின் வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருப்பின், 24 முதல் 48 மணி நேரத்தில் முட்டைகள் பொரியும். குஞ்சுகள் வால் கீழாகக் கூட்டில் தொங்கும். வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே அடுத்த 2, 3 நாட்களுக்கு அவற்றின் உணவு. அதுவரை வேறெதுவும் இடலாகாது. அவை நேராக நீந்தத் தொடங்கிய அன்றே ஆண் மீனை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால், காத்த தகப்பனே குஞ்சுகளைத் தின்றுவிடவும் கூடும்.

அன்றே உணவும் தொடங்கவேண்டும். குஞ்சின் வாய் மிகச் சிறியது. அசையும் உயிரையே அது நாடும். உலர் உணவைப் பொடித்துத் தூவினால் அது அழுகி நீரைக் கெடுக்கும். ஆகவே, இணை சேர்ப்பதற்குச் சில நாட்கள் முன்னரே நுண்ணுயிர் நீரை ஆயத்தம் செய்க. ஒரு பிடி வைக்கோலை நீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, கண்ணாடிச் சாடியில் ஊற்றி, பழைய மீன்தொட்டி நீர் ஒரு குவளை சேர்த்து நிழலில் வைக்கவும். முதலில் நீர் பால்போல் கலங்கும். சில நாட்களில் தெளியத் தொடங்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தூசி போன்ற புள்ளிகள் அசையும். அவையே முதல் உணவு. நாளுக்கு இருமுறை, சில கரண்டி போதும். கடும் துர்நாற்றம் வீசும் நீரைக் கொட்டிவிடுக.

4, 5 நாட்கள் கழித்து ஆர்ட்டீமியா குஞ்சுகளைக் கொடுக்கலாம். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஆர்ட்டீமியா முட்டைகளை இட்டு, இடைவிடாது காற்றுச் செலுத்தினால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரியும். நெருங்கிய நெசவுள்ள துணியில் வடித்து, நல்ல நீரில் அலசி, ஓடுகளை நீக்கிக் கொடுக்கவேண்டும். வயிறு செந்நிறமாகப் புடைத்திருந்தால் குஞ்சு உண்டது என அறியலாம். நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரமே உயிர்வாழும். மிச்சம் விழாதபடி அளவோடு இடுக.

தொட்டியில் நீர் அரை அடிக்கு மேல் வேண்டாம், நீரோட்டமும் ஆகாது. அடியில் தங்கும் கசடை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, குளோரின் நீங்கிய, அதே வெப்பமுள்ள நீரைச் சிறிது சிறிதாக ஊற்றவும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு முதல் சில வாரங்களில் உருவாகும். ஆதலின் தொட்டியைச் சிறு இடைவெளியுடன் மூடி, மேற்காற்று குளிராமல் காக்கவேண்டும். 2, 3 மாதங்களில் ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். அப்போது தனித்தனிப் புட்டிகளில் பிரித்து வைக்கவேண்டும். அத்தனை புட்டிகளுக்கு இடமுண்டா என்பதையும் முன்னரே கணக்கிடுக.

சாடியில் புள்ளிகள் அசையக் காணும்வரை இணை சேர்க்காதீர்கள் என்பதே அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது. ஒரு வாரம் காத்திருப்பதால் நட்டமில்லை. பட்டினியால் மடிந்த குஞ்சுகளை எந்த முதலும் மீட்டுத் தராது.