இளங்குதிரையும் வம்சாவளிப் பதிவேடும்
பதிவு செய்யுமுன் ஆராய வேண்டியவை

தம்மிடம் பிறந்த குதிரைக்குட்டியை இனவிருத்திச் சங்கத்தின் பதிவேட்டிற் சேர்ப்பதா, விடுவதா என்னும் வினா, நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரருக்குத் தொடர்பற்றதாகத் தோன்றலாம். ஆயினும் கால்நடைகளின் வம்சத்தை எழுதிவைக்கும் முறை பெரிதும் குதிரையிலிருந்தே வளர்ந்தது. குதிரையின் கணக்கை விளங்கிக்கொண்டவர், தமது தொழுவத்திலுள்ள நாகுக்கும் நாம்பனுக்கும் வேண்டிய கணக்கையும் எளிதில் விளங்கிக்கொள்வர்.

பதிவேடு என்பது யாது?

ஒரு விலங்கின் தாய் எது, தந்தை எது, அவற்றின் பெற்றோர் எவை என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் குறித்துவைக்கும் ஏடே வம்சாவளிப் பதிவேடு. இங்கிலாந்திற் பந்தயக் குதிரைகளுக்கான பொதுப் பதிவேடு 1791ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சிடப்பட்டது. குறுங்கொம்பு மாடுகளுக்கான பதிவேடு 1822இலேதான் வெளிவந்தது. கீழைத்தேசங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மூன்று ஆண்குதிரைகளின் வழியிலேயே இன்றைய பந்தயக் குதிரைகள் யாவும் தந்தைவழியில் வந்தவை என்று நாம் அறிவது இவ்வேட்டின் பயனாகும்.

அயல் நாடாகிய இந்தியாவில், காதுகளின் நுனி உட்புறமாக வளைந்திருக்கும் மார்வாரிக் குதிரைக்குப் பதிவேடு அமைக்கும் திட்டம் 2007இல் அறிவிக்கப்பட்டது. பதிவு 2009இல் ஆரம்பமாயிற்று. அங்கே குதிரையை நேரிற் பார்த்து, இன இலட்சணங்களோடு ஒப்பிட்டு, அளவுகளையும் அடையாளங்களையும் எழுதி, குளிர்முறையில் இலக்கக் குறி இட்டு, புகைப்படமும் எடுக்கின்றனர்.

ஏடு காத்த இனமும் ஏடில்லாக் கூட்டமும்

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை அரசாங்கம் 1936இற் பொறுப்பேற்றது. அதுபோன்ற நிலையங்கள் பல இன்று அருகிவரும் விலங்குகளுக்கு உலகப் பொதுப் பதிவேடுகளின் துணையோடு சோடி சேர்க்கின்றன. மொங்கோலியாவின் பிரெஸ்வால்ஸ்கிக் காட்டுக்குதிரை 1960களின் இறுதியிற் காட்டில் அற்றுப்போயிற்று. மிருகக்காட்சிச்சாலைகளில் எஞ்சிய சுமார் ஒரு டசின் குதிரைகளின் சந்ததியே இன்றுள்ளது. எந்தக் குட்டி எந்தப் பெற்றோரின் வழி என்பது பிராக் நகர மிருகக்காட்சிச்சாலை பேணும் ஏட்டில் எழுதப்பட்டிருந்தமையால், நெருங்கிய இரத்த உறவுடையவற்றை இயன்றவரை விலக்கிச் சோடி சேர்க்க முடிந்தது. 1992 முதல் அவை மீண்டும் மொங்கோலியாவில் விடப்பட்டன.

நமது நெடுந்தீவில் ஐரோப்பியர் காலத்திற் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்த கூட்டம் கட்டின்றித் திரிகின்றது. அவற்றுள் எது எதன் குட்டி என்று சொல்ல வம்சாவளி ஏடு இல்லை. கூட்டத்தை அறிவோம், தனிக்குதிரையின் வம்சத்தை அறியோம். பதிவேடு இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பதிவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பதிவுப் பத்திரம் பிறப்பையே உறுதி செய்யும். குட்டியின் காலுறுதி, குணம், உழைப்பு, உடல்நலம் ஆகியவற்றுக்கு அது பிணை நில்லாது. இதற்குத் தக்க உதாரணம் ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. அங்கே 1940இல் அமைக்கப்பட்ட குவார்ட்டர் குதிரைச் சங்கத்தின் ஏட்டில் 'இம்பிரெசிவ்' என்னும் புகழ்பெற்ற பொலிகுதிரை இடம்பெற்றிருந்தது. அதன் வழிவந்த பல குதிரைகளுக்கு இரத்தத்திற் பொட்டாசியம் மிகுந்து தசை நடுங்கித் தளரும் பரம்பரை நோய் தொடர்ந்தது. பத்திரம் செவ்வையாயிருந்தும் நோய் பரவியது. இறுதியில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்நோய்க்கூற்றைப் பெற்று 2007ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்த குட்டிகளைப் பதிவதில்லை என அச்சங்கம் விதித்தது. ஆகவே பத்திரத்தைப் பார்ப்பவர் குதிரையையும் பார்த்தல் வேண்டும்.

ஆராய வேண்டிய வினாக்கள்

1. தாயும் தந்தையும் பதிவு பெற்றவையா? இரண்டும் பதிவு பெற்றிருப்பின் வழி எளிது. ஒன்று பதிவு பெறாததாயின் பல சங்கங்கள் குட்டியை ஏற்கமாட்டா. சில நேர்முகப் பரிசோதனையின் பின் ஏற்கும். பந்தயக் குதிரைகளில் இயற்கைச் சேர்க்கையாற் பிறந்ததே ஏற்கப்படும். செயற்கைமுறைச் சினைப்படுத்தலாற் பிறந்தது ஏற்கப்படாது.

2. குட்டி எதற்காக வளர்க்கப்படுகிறது? இனவிருத்திக்கோ பந்தயத்துக்கோ விற்பனைக்கோ ஆயின் பதிவு அவசியம். காயடித்து வண்டியிற் பூட்டவே வளர்ப்பதாயின் அதற்குச் சந்ததியில்லை. பதிவின் பயன் சிறிது. அச்செலவைத் தீவனத்துக்கும் குடற்புழு மருந்துக்கும் இடுதல் தகும்.

3. குட்டி பெட்டையா? பெட்டையாயின் ஐயம் ஏற்படுமிடத்தும் பதிவதே நன்று. இன்று கட்டணத்தை மிச்சப்படுத்தி அதனைப் பத்திரமின்றி விற்றால், நாளை அதன் வயிற்றிற் பிறக்கும் குட்டிகளுக்கும் பதிவேட்டின் கதவு அடைபடக்கூடும். ஒருமுறை அறுந்த சங்கிலியைப் பின்னர் இணைத்தல் அரிது.

4. காலம் தாழ்ந்துவிட்டதா? பல சங்கங்களில் வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். குட்டி தாயோடு நிற்கும்போதே பதிதல் நலம். பெற்றோரை ஐயுற்றால் மயிரிலிருந்து மரபணுச் சோதனை செய்யலாம். தாய் விற்கப்பட்டோ இறந்தோ போனபின் அச்சோதனையும் கடினமாகும்.

அடையாளம் எழுதும் முறை

நிறத்தை மாத்திரம் நம்புதல் ஆகாது. பின்னாளில் வெண்மையாகும் சாம்பல்நிறக் குதிரை பிறக்கும்போது கருமையாகவோ செந்நிறமாகவோ இருக்கும். நெற்றிச் சுட்டி, காலின் வெள்ளை, மயிர்ச் சுழிகள் ஆகியவற்றின் இடத்தை எழுத வேண்டும். சுழி பார்த்து மாடு வாங்கும் வழக்கம் நம்மவரிடையே பழையது. சுழியினால் அதிர்ஷ்டம் வருமென்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் சுழி வாழ்நாள் முழுவதும் இடம் மாறாதாகையால், அது மிகச் சிறந்த அடையாளமாகும்.

தொழுவத்துக்கு இதன் பயன்

1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின்படி மாட்டைப் பதிவது உடைமையைக் காட்டுவதற்காகும், வம்சத்தைக் காட்டுவதற்கன்று. வம்சத்தைக் கமக்காரரே எழுதிவைத்தல் வேண்டும். ஒரு பள்ளிக் கொப்பி போதும். அதில் ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சினைப்பட்ட நாள், நாம்பனின் பெயர் அல்லது விந்துக் குழாயின் இலக்கம், கன்று ஈன்ற நாள், கன்றின் பால், அடையாளம், கறந்த பாலின் அளவு ஆகியவற்றை எழுதுக. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள் ஆகையால், ஈனும் நாளையும் முன்னறியலாம்.

இவ்வேட்டினால் இரு பெரும் நட்டங்கள் தவிர்க்கப்படும். ஒரே நாம்பனைப் பல வருடம் ஊரில் வைத்திருந்தால் அது தன் மகளோடே சேர நேரும். அவ்வாறு பிறக்கும் கன்றின் உட்கலப்பு நூற்றுக்கு 25 ஆகும். நலிந்த கன்று, தாமதித்த சினை, குறைந்த பால் ஆகியவை இதன் விளைவு. கொப்பியிற் தந்தையின் பெயர் இருந்தால் இச்சேர்க்கையை முன்னரே தடுக்கலாம். இரண்டாவது, நாம்பன் கன்றோடு இரட்டையாகப் பிறந்த பசுக்கன்று பெரும்பாலும் மலடாகும். பிறப்பு எழுதப்பட்டிருந்தால், மூன்று வருடம் வீணே தீனி போட்டபின் உண்மை அறியும் நிலை வராது.

சுருங்கக் கூறின், சந்ததிக்காக வளர்க்கும் குட்டியை, சிறப்பாகப் பெட்டையை, காலந்தாழ்த்தாது பதிக. உழைப்புக்காக மாத்திரம் வளர்ப்பதைப் பதிய அவசரமில்லை. கன்றுகளுக்கோ இன்றே ஒரு கொப்பியைத் திறந்து முதற்பக்கத்தை எழுதுக. ஐயமுள்ளவர்கள் தமது பகுதி அரசாங்க மிருக வைத்தியரைக் கண்டு, கொப்பியையும் காட்டி, ஆலோசனை பெறுவார்களாக.