உஷார்! மதிலில் தொங்கும் சக்குலண்ட் சாடிக்கு அடியில் பார்த்தீர்களா?

தங்கச்சிமாரே, கத்தரிக்கோலைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அடுத்த போத்தலை வெட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கொடுத்தே கிண்ணியாவில் வளவுகள் சுருங்கிவிட்டன. மிச்சம் இருப்பது மதில்தான். அதில் போத்தல், யோகட் கோப்பை, தகரப்பேணி எல்லாவற்றையும் வரிசையாகத் தொங்கவிட்டு சக்குலண்ட் வளர்க்கிறோம். அழகுதான், குறை சொல்லவில்லை. “தண்ணியே கேட்காத செடி, ராத்தா” என்றுதான் விற்கிறவர்களும் சொல்கிறார்கள். அது உண்மையும்கூட.

ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. செடி குடிக்காத தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?

ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். புதிதாக வெள்ளை அடித்த மதில். அதில் கறை படக்கூடாதென்று ஒவ்வொரு சாடிக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தார் அந்தத் தாய். மாரி தொடங்கியது. மழையே ஊற்றுகிறதே என்று மதில் பக்கம் போவதை விட்டுவிட்டார். சின்ன மகனுக்குக் காய்ச்சல் வந்தது, பெனடோல் கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சுகமாகிவிட்டதென்று பிள்ளையை விளையாட விட்டார். அன்று பின்னேரமே வயிற்றுவலி, நிற்காத வாந்தி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெங்கு! அல்லாஹ் காப்பாற்றினான், பிள்ளை தப்பினான்.

பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்த்தார். கிணறு சுத்தம், தண்ணீர்த்தாங்கிக்கு மூடி இருந்தது, சிரட்டை ஒன்றுகூடக் கிடக்கவில்லை. கடைசியில் மதிலில் இருந்த ஒரு தட்டைச் சரித்தார். கலங்கிய தண்ணீரில் துடித்துத் துடித்து நெளிந்தன நுளம்புக் குடம்பிகள்.

2017ஐ மறந்துவிட்டோமா? அந்த ஆண்டு இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. இறந்தவர்கள் 400க்கும் அதிகம். தொடக்கத்திலேயே, மார்ச் மாதத்தில், மோசமாக அடிபட்ட ஊர்களில் நம்முடைய கிண்ணியாவும் ஒன்று. பாடசாலைகளை மூடினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. ஜனாஸாவுக்கு மேல் ஜனாஸா எடுத்தோம்.

டெங்கு பரப்பும் நுளம்புக்குக் குளம் வேண்டாம். போத்தல் மூடியளவு தண்ணீர் போதும். முட்டையைத் தண்ணீரில் இடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது! காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழை நனைத்ததும் பொரிக்கும். ஒரு கிழமை, பத்து நாளில் கடிக்கப் பறந்துவரும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஜும்ஆவுக்கு முன் வீடு கூட்டுகிறோமே, அந்த நேரத்தில் மதிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சக்குலண்ட் வகைகள் பலவும் ஈரம் போகாமல் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில்தான் திறக்கும். மெக்சிக்கோவிலும் தென்னாபிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் பிழைப்பதற்கு அது பழகிய வழி. கடற்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்த நம் ஊரில் அது எவ்வளவு தண்ணீரைத்தான் இழுக்கும்? மேல்சாடியில் ஊற்றியது கீழ்ச்சாடிக்கு வடியும், அது அதற்கும் கீழே. கடைசி வரிசை எந்த நேரமும் ஊறிக்கொண்டே இருக்கும்.

அறிகுறிகளைப் பாருங்கள். கீழ்வரிசைச் செடியின் இலை கண்ணாடி மாதிரி வெளிறி, தொட்டதும் கழன்று விழுகிறதா? அடியில் தண்ணீர் தேங்குகிறது. மதிலில் பச்சைப் பாசி படிகிறதா? சாடிக்குப் பின்னால் ஈரம் நிற்கிறது. காலையிலும் பின்னேரத்திலும் முற்றத்தில் நிற்கும்போது கணுக்காலைச் சுற்றி நுளம்பு மொய்க்கிறதா? இனியும் யோசிக்காதீர்கள், எல்லாச் சாடியையும் இறக்கிப் பாருங்கள்.

தட்டு வேண்டவே வேண்டாம். மதிலில் கறை படட்டும்! சாடியின் அடி ஓட்டை வேரால் அடைபட்டிருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். மதிலுக்கும் சாடிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். மண்ணோடு பாதிக்குப் பாதி பருமனான ஆற்றுமணல் கலவுங்கள். கடல்மணல் வேண்டாம், உப்பு வேரைக் கருக்கும். இன்னொன்று, நுளம்பு பெருக இடம்கொடுப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். வழக்கு வரும்.

காய்ச்சல் வந்தால் பெனடோல் மட்டும்தான், அதுவும் அளவோடு. அஸ்பிரின், புரூபன் கொடுக்கவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயங்கரமான நேரம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், கைகால் சில்லிடுதல், பிள்ளை சோர்ந்து சுருளுதல், இதில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

செடியிலும் கவனம் வேண்டும். திருகுகள்ளி, முள்ளு யூபோர்பியா போன்றவற்றை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகி, பார்வையே மங்கிப்போகலாம். சின்னப் பிள்ளையின் முகத்துக்கு நேரே அதைத் தொங்கவிடலாமா? கண்ணில் பட்டுவிட்டால் கசக்க வேண்டாம், தாய்ப்பாலும் விடவேண்டாம். ஓடுகிற சுத்தமான தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே கண் டொக்டரிடம் போங்கள். ரணகள்ளி ஆடு மாட்டுக்கு நஞ்சு. நம் தெருவில் ஆடு எட்டாத மதில் எது?

துறைமுகப் பக்கமிருந்து வரும் பழைய பேலட் பலகையை மலிவென்று வாங்கிச் சட்டம் அடிக்கிறவர்கள், அதில் குத்திய முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூடேற்றிய மரம். எம்.பி. (MB) என்றால் மெதில் புரோமைட் நச்சுப்புகை போட்டது, அதை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஆணிக்குத் துளையும் போடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரமண் கனக்கும், தொட்டில் கட்டிய பக்கம் மேலே எதுவும் தொங்கவேண்டாம்.

ஒக்டோபர் பிறப்பதற்கு முன் கீழ்வரிசையைக் கழற்றி, தேய்த்துக் காயவைத்து, கூரைக்கு அடியில் கவிழ்த்துவிடுங்கள். தை கழிந்து மாரி ஓய்ந்த பிறகு திரும்ப மாட்டலாம்.