ட்ரீம் டீம் போடறது எப்படி? பி ஷிஃப்ட்காரங்களுக்கான எபிசோட்

இன்னைக்கு ஃபேன்டசி டீம் பத்திப் பேசப்போறோம். ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் பக்கம் இருந்து நம்ம எபிசோடைக் கேக்குறவங்க ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கற விஷயம் இது. பெரும்பாலும் கிரிக்கெட்தான். நடுவுல கொஞ்ச நேரம் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் போவோம், ஏன்னா இப்போ நாம ஆடுற ஃபேன்டசி டீம் முறைக்கு வேர் அங்கேயும் இருக்கு.

முதல்ல நம்ம ஊர் பிரச்சனை. ஐபிஎல் ராத்திரி மேட்ச்சுக்கு டாஸ் 7 மணி. ஆடப்போற பதினோரு பேர் யாருன்னு அப்போதான் தெரியும். மேட்ச் ஆரம்பிக்கிறது 7.30. நடுவுல இருக்கற அந்த அரை மணி நேரம்தான் ஃபேன்டசி ஆடுறவங்களுக்கு உயிர். யார் ஆடலை, யார் ஓப்பனிங் வர்றாங்க, எல்லாத்தையும் பார்த்துட்டு டீமை மாத்தலாம். இப்போ பி ஷிஃப்ட்ல இருக்கற ஒரு பையனை நினைச்சுப் பாருங்க. மதியம் ரெண்டு, ரெண்டரைக்கு உள்ள போறான். பல ப்ளான்ட்ல செல்போன் ஷாப் ஃப்ளோருக்குள்ள வரக்கூடாது, லாக்கர்ல வச்சுட்டுத்தான் போகணும். 7 மணிக்கு அவன் லைன்ல நிக்கிறான். மதியம் கம்பெனி பஸ்ல உக்காந்து போட்ட டீம் அப்படியே லாக் ஆகிடும். அவன் எடுத்த ரெண்டு பேர் அன்னைக்கு ஆடவே இல்லைன்னு ராத்திரி வெளிய வந்த பிறகுதான் தெரியும். திறமை விளையாட்டுன்னு சொல்லுவாங்க இல்லையா? ஒருத்தன் சீட்டைப் பார்த்து ஆடறான், இன்னொருத்தன் கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடறான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு நண்பர், கான்ட்ராக்ட்ல இருக்கறவர், ஒரு சீசன் முழுக்க இப்படி ஆடினார். 49 ரூபாய் என்ட்ரி, ஒரு நாளைக்கு அஞ்சு டீம். 245 ரூபாய். "டீ, சிகரெட்டை விடக் கம்மிதான்டா"ன்னு சொல்லுவார். 60 நாளுக்குக் கணக்குப் போட்டா 14,700 ரூபாய். நடுநடுவுல 80, 120ன்னு ஜெயிச்சார், அதுதான் அவரை விடாம பிடிச்சு வச்சுது. ஊருக்கு அனுப்ப வேண்டிய ஒரு மாசப் பணம் போயிடுச்சு. வீட்ல இன்னும் சொல்லலை.

அவர் கேட்டது ஒரே கேள்வி: "நான் நல்லாத்தானே டீம் போட்டேன், ஏன் ஜெயிக்கலை?" நியாயமான கேள்வி. பதில் கணக்குல இருக்கு.

ரெண்டு அணியிலயும் சேர்த்து 22 பேர். அதுல 11 பேரை 7,05,432 விதமா எடுக்கலாம். அதோட முடியலை. கேப்டனுக்கு ரெண்டு மடங்கு பாயின்ட், வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. அந்த ரெண்டு பேரை 11 பேர்ல இருந்து 110 விதமா வைக்கலாம். பெருக்கிப் பாருங்க, 7 கோடியே 75 லட்சத்துக்கு மேல வரும். கிரெடிட் வரம்பு, கீப்பர் கட்டாயம் மாதிரி விதிகள் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் இருக்கு, அது பெரும்பாலானவங்க கண்ணுக்குப் படறதில்லை. கோலி ஃபார்ம்ல இருக்கார்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், லட்சம் பேருக்கும் தெரியும். எல்லாரும் அவரை எடுப்பாங்க. அவர் சதம் அடிச்சா எல்லாருக்கும் பாயின்ட் ஏறும், உங்க ரேங்க் நகராது. லட்சக்கணக்கான பேர் ஆடுற கான்டெஸ்ட்ல சரியா கணிச்சா மட்டும் போதாது. மத்தவங்க தொடாத ஒருத்தரை எடுக்கணும், அவர் அன்னைக்கே ஆடவும் செய்யணும். ஒரே ஒரு ராத்திரியில அது நடக்கறதுல திறமையை விட அதிர்ஷ்டத்துக்குத்தான் பங்கு அதிகம்னு நான் சொல்லுவேன். கோர்ட் வேற மாதிரி பார்த்துச்சு. 2017ல பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் டிரீம்11 ஆட்டத்தைத் திறமை விளையாட்டுன்னு சொன்னது. அந்தத் தீர்ப்பு மேலதான் இந்தத் தொழில் வளர்ந்தது, இந்திய அணி ஜெர்சி வரைக்கும் போச்சு.

2025 ஆகஸ்ட்ல எல்லாம் மாறிப்போச்சு. ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் 20ஆம் தேதி மக்களவையில, 21ஆம் தேதி மாநிலங்களவையில நிறைவேறி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கிடுச்சு. திறமையா, அதிர்ஷ்டமாங்கற கேள்வியையே அந்தச் சட்டம் ஓரமா வச்சுடுச்சு. பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும் தடை. நடத்துறவங்களுக்கு மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். டிரீம்11 பணப் போட்டிகளை நிறுத்திச்சு, ஜெர்சியில இருந்தும் விலகிச்சு. அந்த இடத்துக்கு வந்தது அப்போலோ டயர்ஸ். ஒரகடத்துல ப்ளான்ட் வச்சிருக்கற அதே அப்போலோதான்.

தடைக்கு அப்புறமும் டெலிகிராம்ல ஏதோ வெளிநாட்டு ஆப் லிங்க் வருது, "இது லீகல் ப்ரோ"ன்னு. தொடாதீங்க. அங்க ஜெயிச்ச பணம் வரலைன்னா போய்க் கேக்க ஒரு ஆபீஸ் கூட இருக்காது.

சரி, அப்போ ட்ரீம் டீம் அவ்வளவுதானா? இல்லைங்க. அதுக்குத்தான் அமெரிக்காவுக்குப் போறோம்.

1962ல ஓக்லாண்ட் ரைடர்ஸ் அணியில பங்கு வச்சிருந்த பில் விங்கன்பாக், அணியோட வெளியூர் போயிருந்தப்போ ரெண்டு மூணு பேரோட உக்காந்து ஒரு விளையாட்டுக்கு விதி எழுதினார். அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல, ஓக்லாண்ட்ல அவர் வீட்லயே முதல் டிராஃப்ட் நடந்தது. எட்டு அணி. அதுல முக்கியமான விதி ஒண்ணு: ஒரு ஆட்டக்காரர் ஒருத்தருக்கு மட்டும்தான் சொந்தம். நீங்க எடுத்துட்டா நான் எடுக்க முடியாது. அன்னைக்கு முதல்ல எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. பந்து எறியற குவார்ட்டர்பேக்கும் அவர்தான், கோல் உதைக்கற கிக்கரும் அவர்தான். ரெண்டு வேலைக்கு ஒரே ஆள்.

இன்னைக்கும் என்எஃப்எல் ஃபேன்டசி லீக்ல நண்பர்கள் பெரும்பாலும் இந்த டிராஃப்ட் முறையிலதான் ஆடறாங்க. வரிசை பாம்பு மாதிரி வளையும். எட்டு பேர்னா, முதல் சுத்துல 1லிருந்து 8, ரெண்டாவது சுத்துல 8லிருந்து 1. முதல்ல எடுத்தவருக்கு அடுத்த வாய்ப்பு 16ஆவதாத்தான். கடைசி ஆளுக்கு 8, 9 ரெண்டும் சேர்ந்து கிடைக்கும். சீசன் முழுக்க அதே டீம்.

இப்போ கேள்வியே மாறிடுது. "யார் பெஸ்ட்?"னு கேக்கறதை விட்டுட்டு "இவரை விட்டா அடுத்து யார் கிடைப்பாங்க?"ன்னு கேக்கணும். 2024 ஐபிஎல்லை வச்சுப் பாப்போம். எங்க ரூம் விதி: ரன்னுக்கு 1 பாயின்ட், விக்கெட்டுக்கு 25. கேட்ச்சை இப்போதைக்கு விடுங்க.

அந்த சீசன்ல அதிக ரன் கோலி, 741. அடுத்தது ருதுராஜ், 583. அதிக விக்கெட் ஹர்ஷல் படேல், 24, அதாவது விக்கெட்ல மட்டும் 600 பாயின்ட். சுனில் நரைன் எதுலயும் முதல் இடம் இல்லை. ஆனா 488 ரன், 17 விக்கெட். கூட்டினா 913! அடுத்த பெரிய ஆல்ரவுண்டர் ரஸல், 222 ரன், 19 விக்கெட், 697. கோலியைத் தவற விட்டா 158 பாயின்ட் நஷ்டம், நரைனைத் தவற விட்டா 216. பிளாண்டாவை ஏன் முதல்ல எடுத்தாங்கன்னு இப்போ புரியுதா?

பவுலர்ஸைப் பாருங்க. ஹர்ஷல் 24, நம்ம வருண் சக்கரவர்த்தி 21, பும்ரா 20, அப்புறம் 19ல நம்ம நடராஜனையும் சேர்த்து ஒரு கூட்டமே நிக்குது. படிப்படியாத்தான் இறங்குது. அதனால முதல் சுத்துல பவுலருக்குப் பறக்க வேண்டாம். நாலாவது சுத்துலயும் நல்ல பவுலர் இருப்பார். டிராஃப்ட்ல பதட்டப்பட்டு பும்ராவை முதல்ல எடுக்கற ஒரு ஆள் எல்லா ரூம்லயும் இருப்பார், அவரை அப்படியே விட்டுடுங்க.

ஆனா பேரைப் பார்த்து எடுக்காதீங்க, வேலையைப் பார்த்து எடுங்க. 2023ல நரைன் பேட்டிங்ல ஒண்ணுமே இல்லை. 2024ல அவரை ஓப்பனிங் அனுப்பினாங்க, கணக்கே மாறுச்சு. டிராஃப்ட்டுக்கு முன்னாடி நாம படிக்க வேண்டியது அதைத்தான்: யார் எந்த இடத்துல இறங்கப்போறாங்க, நாலு ஓவரும் யாருக்குக் கொடுப்பாங்க, காயத்துல இருந்து யார் திரும்பி வர்றாங்க. இதெல்லாம் ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வந்து நிதானமா படிக்கலாம். 7 மணி டாஸுக்கு ஓட வேண்டியதில்லை.

எங்க லீக் எட்டு பேர். சுங்குவார்சத்திரத்துல ஒரு ரூம், வீக் ஆஃப் ஞாயித்துக்கிழமை, ஒரு நீளமான நோட்டு. ஆளுக்கு 14 பேர், அதுல 11 பேர் வாரத்துக்கு ஆடுவாங்க, 3 பேர் பெஞ்ச். மொத்தம் 112 ஆட்டக்காரங்க காலி. பணம் கிடையாது, கடைசியா வர்றவர் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தரணும். வாரத்து டீமை சனிக்கிழமை மதியம் 12 மணிக்குள்ள நோட்டுல எழுதிடணும். நேரத்தை ஏன் அப்படி வச்சோம்னா, சி ஷிஃப்ட் முடிச்சவன் தூங்கப் போறதுக்கு முன்னாடி எழுதலாம், பி ஷிஃப்ட்காரன் பஸ் ஏறதுக்கு முன்னாடி எழுதலாம். ஏ ஷிஃப்ட்ல இருக்கறவன் முந்தின நாளே யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போயிடுவான். ஷிஃப்ட் மாறுற வாரத்துல யாராவது மறந்துட்டா போன வார டீமே தொடரும், அதுக்கு மேல சண்டை கூடாது.

என்எஃப்எல் ட்ரை பண்ணணும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு தகவல். அங்க ஞாயிறு மதிய மேட்ச் செப்டம்பர், அக்டோபர்ல நம்ம நேரப்படி ராத்திரி பத்தரைக்கு ஆரம்பிக்குது. பி ஷிஃப்ட் விட்டு போனை லாக்கர்ல இருந்து எடுக்கற நேரம்.